படுக்கைக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை

திருவண்ணாமலையில் எங்கள் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போதைப் பழக்கத்துக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் குடிக்கிறவர்கள்தான். செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மனைவியோ அம்மாவோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். கை நடுக்கம், தூக்கமில்லை, கண்ணில் மஞ்சள். இவர்களைப் பார்ப்பது எங்களுக்குக் கைப்பழக்கம். பத்து நாள் படுக்கை, தியாமின் ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, வீட்டாரோடு பேச்சு. மனநல சமூகப் பணியாளராக நான் சேர்ந்த புதிதில் என் வேலையும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

பிறகு வேறு மாதிரியான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயது. அக்னி நட்சத்திர வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பித்தான். குடிக்கிறவருக்குக் கை நடுங்கும். இவர்களுக்குக் கொட்டாவி வரும். வரிசையில் உட்கார்ந்து ஓயாமல் கொட்டாவி விடுகிற பையனைப் பார்த்தால் ஓ.பி. சீட்டைப் படிக்காமலே எனக்குத் தெரிந்துவிடும். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். முன்கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். வெளிச்சத்தில் சுருங்க வேண்டிய கண்பாவை விரிந்தே இருக்கும். “டைபாய்டா இருக்குமாம்மா? மூணு நாளா மூக்கு ஒழுவுது, வயித்தால போவுது, ராத்திரியெல்லாம் காலை உதறிக்கினே கீறான்” என்பார் அம்மா. பையனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினால் கடைசியில் சட்டைக் கை மேலே ஏறும். முழங்கை மடிப்பில் நரம்பு தடித்து, கறுத்து, இறுகிப்போயிருக்கும். “எலும்புக்குள்ள பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு மேடம். ஒரே ஒரு மாத்திரை போட்டா எல்லாம் நின்னுடும்.”

அந்த மாத்திரை பெரும்பாலும் டேபென்டடால். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கடுமையான வலிக்கும் கொடுக்கிற வலி மாத்திரை. அபின் செய்கிற வேலையைத்தான் மூளையில் இதுவும் செய்யும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். இதற்கு முன்பு டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரை இதே வழியில் புழங்கியது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பட்டியலில் ஏறியதை வாங்குவது கஷ்டமானதும், ஏறாததற்குப் பையன்கள் மாறிக்கொண்டார்கள். எங்கள் கோப்புகளைப் புரட்டினாலே இது தெரியும். சிலர் விழுங்குகிறார்கள். சிலர் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையின் மாவு நரம்பை அடைத்துக் கை அழுகிப்போய் வருகிறவர்கள் இவர்கள்தான்.

திருவண்ணாமலை, போதை என்று சேர்த்துச் சொன்னதும் எல்லோரும் கிரிவலப் பாதைச் சாமியார்களைத்தான் நினைக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வந்தால் நேராகப் போவதும் அங்கேதான். கஞ்சா அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களில் காவி கட்டியவர்கள் மிகக் குறைவு. டூவீலர் மெக்கானிக், மண்டியில் மூட்டை தூக்குகிறவர், பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவர், கேட்டரிங் வேலைக்கு இரவில் போய் வருகிறவர். உடம்பு வலிக்கு என்று யாரோ கொடுத்த மாத்திரையில் தொடங்கியவர்கள் இதில் பாதிப் பேராவது இருப்பார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. டெல்லி எய்ம்ஸ் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நாடு முழுக்க நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்றது. ஹெராயினுக்கு அடுத்த இடத்தில் இருப்பவை மருந்துக் கடை மாத்திரைகள்தான், அபினைவிட அதிகம்.

இந்த 77 லட்சம் பேருக்கும் வைத்தியம் இருக்கிறது, அதுவும் பழைய வைத்தியம். புப்ரினார்பின் என்ற மாத்திரையும் மெத்தடோன் என்ற மருந்தும் 2005இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. நம் நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இவற்றை இலவசமாகக் கொடுத்துவருகிறது. நான் இதை முதலில் பார்த்தது பயிற்சிக்குப் போன இடத்தில். ஒரு சின்ன ஜன்னல். உள்ளே நர்ஸ். பெயரைச் சொன்னதும் பதிவேட்டில் தேடி, மாத்திரையை எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்தித் தூளாக்குவார். “நாக்கைத் தூக்குங்க.” தூள் நாக்குக்கு அடியில் போகும். முழுங்கக் கூடாது, பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. எதிரே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு, எச்சிலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து வாயைத் திறந்து காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். தூளாக்குவது, முழு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்காமல் இருக்க. நலாக்ஸோன் சேர்த்த மாத்திரையும் உண்டு. கரைத்து ஊசியில் ஏற்றினால் போதைக்குப் பதில் உடம்பு முறுக்கும், அதாவது மாத்திரை கிடைக்காதபோது வருகிற அதே கொட்டாவியும் வலியும் வரும் என்பதால் நிலைப்பட்டவர்களுக்கு வாரத்துக்கு மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பலாம்.

“ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று என்னைக் கேட்காத அப்பா இல்லை. சில டாக்டர்களும் கேட்டிருக்கிறார்கள். புப்ரினார்பின் மூளையில் அதே இடத்தில் போய் உட்காரும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் ஏற்றாது. அளவு சரியாக இருந்தால் மிதப்பும் இருக்காது, உடம்பு முறுக்கலும் இருக்காது. பையன் காலையில் எழுந்து பட்டறைக்குப் போவான். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய மாத்திரை உடம்பில் இருக்கும்போதே இதைக் கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்து, முறுக்கலை வரவழைத்துவிடும். அதனால் கொட்டாவியும் மயிர்க்கூச்சும் வரும்வரை காத்திருந்து முதல் மாத்திரையைக் கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. முறுக்கலை எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குடிக்குச் செய்கிற பத்து நாள் வைத்தியத்தை இவர்களுக்கும் அப்படியே செய்தால் ஆபத்து வரும். பத்து நாளில் உடம்பு சுத்தமாகிவிடும். அதோடு தாங்கும் சக்தியும் போய்விடும். வீட்டுக்குப் போன பையன் ஒரு நாள் தடுமாறி, பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். மறுவாழ்வு இல்லத்திலிருந்து ‘குணமாகி’ வந்த வாரத்தில் கழிப்பறையில் கிடந்த பையனை நான் அறிவேன். வீட்டில் மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பது இதனால்தான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற அப்பாவிடம் இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் எனக்கு எப்போதும் பிரச்சினை. மாத்திரை எங்கே?

புப்ரினார்பினை ஊர் மருந்துக் கடையில் சீட்டு காட்டி வாங்க முடியாது. அங்கீகாரம் உள்ள போதை மீட்பு மையங்களுக்கு மட்டும்தான் கம்பெனி அனுப்பும். தவறாகப் போய்விடக் கூடாது என்ற கட்டுப்பாடு; காரணம் நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். நோயைக் கொடுக்கிற மாத்திரை ஒரு போன் செய்தால் கூரியரில் வருகிறது. அதிலிருந்து மீட்கிற மாத்திரைக்குப் பையன் பஸ் ஏற வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் அது இல்லாத காலத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்போம். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக இருநூறு கிலோமீட்டர். இரவு பஸ் ஏறினால் காலையில் ஓ.பி. வரிசையில் நிற்கலாம். மெக்கானிக் பையனுக்கு இரண்டு நாள் கூலி போகும், துணைக்குப் போகிற அம்மாவுக்கும் போகும். போய் வர பஸ் செலவு வேறு. முதல் மாதம் போவார்கள். இரண்டாம் மாதம் தள்ளிப்போடுவார்கள்.

இதில் பௌர்ணமி வேறு. வெளியூர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் பதினாலு கிலோமீட்டர் நடை. எங்களுக்கு அது இரண்டு நாள் ஊர் அடைப்பு. ஆஸ்பத்திரி ஆட்களில் பாதிப் பேர் கிரிவலப் பாதை மருத்துவ முகாமுக்குப் போய்விடுவோம். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையங்கள், உள்ளே வண்டி நகராது. மாத்திரை தீர்ந்துபோகிற நாள் காலண்டர் பார்த்து வருவதில்லை. தீபத்தன்று பெங்களூருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒருவன், பழைய நண்பனுக்குப் போன் செய்து பழைய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டதை மறுவாரம் என்னிடம் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

“காப்பீட்டு அட்டை இருக்கே, அதுல பார்க்கக் கூடாதா?” இது அம்மாக்கள் கேட்பது. நியாயமான கேள்வி. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2012இலிருந்து இருக்கிறது, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018இல் அதோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய். இருதயத்துக்கு, சிறுநீரகத்துக்கு, புற்றுநோய்க்கு இந்த அட்டை எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆயுஷ்மான் சிகிச்சைப் பட்டியலில் போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளும் இருக்கின்றன. ஆனால் உள்நோயாளியாகப் படுத்தால்தான். திட்டம் தொடங்கியபோது வெளியிட்ட கேள்வி பதிலிலேயே புறநோயாளிச் செலவும் போதை மறுவாழ்வும் சேராது என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். முறுக்கல் எடுக்கிற பத்து நாளுக்குக் காப்பீடு உண்டு. உயிரைக் காப்பாற்றுகிற அடுத்த இரண்டு வருடத்துக்கு இல்லை. இந்த நோய்க்குப் படுக்கை ஒரு சின்னப் பகுதி. ஜன்னலும் கரண்டியும் பெஞ்சும்தான் வைத்தியம். அதற்குக் கணக்கில் தலைப்பே கிடையாது.

அட்டை வாங்குவதும் லேசில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் படம் பிடிக்க வேண்டும். ரேஷன் கார்டு வேண்டும், ஆதார் வேண்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று வேண்டும். மூட்டை தூக்குகிற ஒருவருக்காக நான் அலைந்தேன். ரேஷன் கார்டில் அவர் பெயர் இல்லை. அப்பாவிடம் போன் போட்டுக் கேட்டால், “வீட்டுச் சாமானையெல்லாம் வித்தவன் பேரு எதுக்கும்மா கார்டுல? வெட்டிட்டேன்” என்றார். குடும்பத்துக்கு என்று போடுகிற திட்டத்தில், குடும்பம் வெளியே தள்ளியவனுக்கு இடமில்லை. கிரிவலப் பாதையில் படுத்துக்கிடக்கிறவர்களுக்கும் இதே கதிதான். அரசு ஆஸ்பத்திரியில் இவர்களுக்கு வைத்தியம் இலவசம். யாரும் துரத்த மாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மாத்திரை இருந்தால்தான் அந்த இலவசத்துக்குப் பொருள் உண்டு.

பணம் கட்டிப் பாலிசி எடுத்தவர்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. பட்டு வியாபாரம் செய்கிற குடும்பம் ஒன்று, பல வருடமாகத் தனியார் பாலிசி கட்டிவந்தது. மகனுக்கு ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, இருதய வால்வு வரை போய்விட்டது. பிழைத்துக்கொண்டான். பில் லட்சங்களில். கம்பெனியிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: குடி, போதைப் பழக்கம், அதன் விளைவுகள் பாலிசியில் சேராது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குடி மற்றும் போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொன்னது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அப்படியே செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆணையம் 2019இல், கம்பெனிகள் எதையெல்லாம் விலக்கலாம் என்று பொதுவான பட்டியல் போட்டபோது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் 12ஆம் எண்ணில் இடம்பெற்றன. உங்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், இருக்கும். மனநோய்க்குப் பணம் தர மறுத்த கம்பெனிக்கு எதிராக 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த நோயாளிக்கு இருந்தது போதைப் பழக்கம் இல்லை. 12ஆம் எண் அசையாமல் அப்படியே இருக்கிறது.

அரசிடம் மாத்திரை இல்லை, காப்பீட்டில் இடமில்லை என்றால் குடும்பம் எங்கே போகும்? மதில் சுவர் வைத்த மறுவாழ்வு இல்லத்துக்கு. எல்லா இல்லமும் மோசம் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையத்தைப் போல முறையாக நடப்பவை நம் மாநிலத்தில் உண்டு. ஆனால் நகையை அடகுவைத்து மாதக் கட்டணம் கட்டி, மூன்று மாதம் பூட்டிவைத்து, மருந்தே கொடுக்காமல் திருப்பி அனுப்பிய பையன்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். முதுகில் தடம் இருந்தவர்களும் உண்டு. பூட்டு திறந்த வாரம்தான் மேலே சொன்ன ஆபத்தான வாரம்.

ரமணாசிரமத்துக்கு மார்கழி தோறும் வருகிற பிரான்ஸ்காரர் ஒருவர் ஒரு நாள் எங்களிடம் வந்தார். கையில் அவர் ஊர் மருந்துப் பெட்டி. பார்த்தால் புப்ரினார்பின். ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார், மாத்திரை தீரப்போகிறது, செங்கம் ரோட்டில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். கிடைக்காது என்றதும் நம்பவே இல்லை. அவர் ஊரில் தெரு முனை டாக்டர் எழுதுவாராம், மருந்துக் கடையில் வாங்குவாராம், அரசுக் காப்பீடு பணம் கொடுத்துவிடுமாம். அவர் சொன்னது உண்மைதான். எந்த டாக்டரும் எழுதலாம் என்று 1990களின் நடுவில் பிரான்ஸ் அனுமதித்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அளவு மீறிச் சாகிறவர்கள் அங்கே 79 சதவீதம் குறைந்தார்கள். அமெரிக்காவும் இதை எழுத டாக்டர்களுக்கு வைத்திருந்த தனி அனுமதி முறையை 2022 இறுதியில் எடுத்துவிட்டது.

பிரான்ஸ் எதற்கு, பஞ்சாபே இருக்கிறது. 2017இலிருந்து அங்கே படுக்கை இல்லாமல் புறநோயாளியாகவே புப்ரினார்பின் கொடுக்கும் மையங்களைத் திறந்து 500க்கு மேல் கொண்டுபோனார்கள். மாத்திரை வெளியே கசிகிறது என்ற புகாரும் அங்கே உண்டு. அதை மறைக்கக் கூடாது. கசிவைத் தடுக்கக் கரண்டி இருக்கிறது, கைரேகை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். நான் கேட்பது அதற்கு அடுத்த படி. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு ஏற்கனவே வட்ட ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்துப் போகிறது. அந்தக் குழு போகிற ஜீப்பில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று ஏற வேண்டும். ஆரணியிலும் செங்கத்திலும் ஜமுனாமரத்தூரிலும் வாரத்துக்கு ஒரு நாள் ஜன்னல் திறக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் ‘தொடர் புறநோயாளி, ஒரு மாதம்’ என்று ஒரு தலைப்பு வர வேண்டும். விலக்குப் பட்டியலிலிருந்து 12ஆம் எண் போக வேண்டும்.

அதுவரைக்கும், வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. போலீஸ் பயத்தில் ஒளித்துவைக்காதீர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருந்து தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை முடிக்கிறவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. அறையில் பூட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள். மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய், புப்ரினார்பின் இங்கே உண்டா, இல்லையென்றால் எங்கே என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்டவனுக்கு மஞ்சள் காமாலை சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் வைத்தியம் இலவசம். தனியார் இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கு டெலி மானஸ், 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.